பாக் நீரிணைக்கு மேலே 300 கிலோமீட்டர்

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் ஒரு புள்ளி வைத்து, தெற்கே சற்று மேற்குச் சாய்வாக ஒரு கோடு இழுங்கள். அது மாமல்லபுரத்துக் கரையை ஒட்டி இறங்கும். கோடிக்கரைக்குக் கிழக்கே கடலிலேயே போய், காங்கேசன்துறைப் பக்கம் கரையேறி, மன்னார், புத்தளம் தாண்டி, கொழும்புக்கு வடக்கே ஜா-எலவை அடுத்த ஏக்கல என்ற ஊரில் முடியும். நீளம் ஏறத்தாழ 660 கிலோமீட்டர்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களிடம் ‘சிலோன் ரேடியோ’ என்று சொன்னால் போதும், எஸ்.பி. மயில்வாகனன் பெயரில் தொடங்கி பி.எச். அப்துல் ஹமீது வரை வந்துவிடுவார்கள். அவர்கள் பேசிய ஸ்டூடியோ கொழும்பு டொரிங்டன் சதுக்கத்தில் இருந்தது. அந்தக் குரல் சிற்றலையாக மாறி வானேறிய இடம் ஏக்கல. அங்கே நின்ற 100 கிலோவாட் மார்கோனி டிரான்ஸ்மிட்டரை யாரும் நமக்காக வைக்கவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக ராணுவம் திட்டமிட்டு வைத்தது அது.

ஒரு படைக்காகக் கட்டிய கருவி எப்படி மயிலாப்பூர், தி.நகர் வீடுகளின் ரேடியோ ஆனது என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் போனது. கேட்பவர்கள் கொழும்புப் பக்கம் திரும்பினார்கள். இது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. திரும்பியவர்களுக்குக் கொழும்பு தெளிவாகக் கேட்க வேண்டுமே! அதற்கான காரணம் டெல்லியில் இல்லை, கோடிக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே, கடலுக்கு மேலே 300 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.

முதலில் போரைப் பார்த்துவிடுவோம். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. மெட்ராஸ் நகரமே காலியானது. மூட்டை முடிச்சோடு ரயில் ஏறியவர்களின் கதை இன்னும் பல குடும்பங்களில் வழங்குகிறது. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் மெட்ராஸ் மீதே குண்டு போட்டுவிட்டுப் போனது. அதே ஆண்டு தென்கிழக்கு ஆசியக் கட்டளை என்ற நேச நாட்டுத் தலைமையகம் மவுண்ட்பேட்டன் தலைமையில் உருவானது. சுருக்கமாக ‘சீயாக்’. 1944 ஏப்ரலில் அது கண்டியை அடுத்த பேராதனைக்கு இடம் மாறியது.

மவுண்ட்பேட்டன் கையில் கிடைத்த படையின் மனநிலை மோசமாக இருந்தது. ஐரோப்பியப் போர்முனைச் செய்திகள்தாம் லண்டன் பத்திரிகைகளை நிரப்பின. பர்மாவில் போரிட்ட 14-வது படை தன்னையே ‘மறக்கப்பட்ட படை’ என்று சொல்லிக்கொண்டது. அதன் தளபதி ஸ்லிம் பின்னாளில் எழுதிய நூலில், 1943-ல் காயம்பட்டு வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் வெளியேற்றப்பட்டார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் மழையும் சேர்ந்த காட்டில், வீட்டுக் கடிதம் வந்து சேர வாரங்கள் ஆகும் இடத்தில், ஒரு மனிதக் குரல் மருந்துக்கு அடுத்த தேவை. படைக்கென ‘சீயாக்’ என்ற பெயரிலேயே ஒரு நாளிதழ் வந்தது. 1944-ல் ரேடியோ சீயாக் தொடங்கியது. ஆரம்பத்தில் 7.5 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர்தான்.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனியில் தொடங்கிய ஆசாத் ஹிந்த் வானொலி சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் நகர்ந்திருந்தது. தமிழிலும் ஒலிபரப்பியது, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்கள் அத்தனை பேர். காந்தியை ‘தேசப்பிதா’ என்று விளித்து நேதாஜி 1944 ஜூலை 6 அன்று பேசியதும் ரங்கூன் வானொலியில்தான். வங்காள விரிகுடாவின் மேல் வானம் இரண்டு தரப்பின் குரலையும் ஒரே மாதிரி திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

இனி அந்த வானத்துக்கு வருவோம்.

ரேடியோ அலை தரையோடு ஊர்ந்தும் போகும், வானில் மோதித் திரும்பியும் வரும். தரையலையை மண்ணும் மரமும் மலையும் விழுங்கிவிடும். சிற்றலையில் சில பத்துக் கிலோமீட்டருக்குள் அது தேய்ந்துபோகும். அரக்கான் மலையிலிருந்து மலாக்கா நீரிணை வரை சிதறிக் கிடக்கும் படைக்குத் தரையலையை நம்பினால் காட்டுக்குள் நூறு நிலையம் கட்ட வேண்டும். ஆகவே வானலை.

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்தின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. இதனால் உருவாகும் அயனி மண்டலத்தில் அடுக்குகள் உண்டு. 60 முதல் 90 கிலோமீட்டர் வரை டி அடுக்கு, 110 கிலோமீட்டர் வாக்கில் இ அடுக்கு, 200-க்கு மேல் 400 வரை எஃப் அடுக்கு. சிற்றலையை நெடுந்தூரம் கொண்டுசேர்ப்பது எஃப் அடுக்கு. அங்கே கன சென்டிமீட்டருக்கு 6 லட்சம் எலக்ட்ரான் இருப்பதாக வையுங்கள். அப்போது நேர் மேலே அனுப்பும் அலை 7 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தால் திரும்பி வரும்; அதற்கு மேல் போனால் அடுக்கைத் துளைத்து விண்வெளிக்குப் போய்விடும். இந்த வரம்புக்கு மாறுநிலை அதிர்வெண் என்று பெயர். எலக்ட்ரான் அடர்த்தி நான்கு மடங்கானால் வரம்பு இரு மடங்காகும்.

நேர் மேலே அனுப்பினால்தான் இந்தக் கதை. சாய்த்து அனுப்பினால் வரம்பு உயர்ந்துவிடும். அடையாற்றில் தவளைக்கல் விட்டவர்களுக்கு இது உடனே விளங்கும்: தட்டையாக எறிந்த கல் நீரைத் தொட்டுத் துள்ளும், செங்குத்தாகப் போட்டது மூழ்கும். அயனி மண்டலமும் தாழ்வாக வரும் அலையைத் துள்ள விடுகிறது. இங்கே ‘நீர்ப்பரப்பு’ நம் தலைக்கு மேலே, கவிழ்ந்து இருக்கிறது, அவ்வளவே.

எஃப் அடுக்கு 300 கிலோமீட்டரில் இருக்கிறது என்று கொண்டு, பூமியின் வளைவையும் சேர்த்து நீங்களே கணக்குப் போடலாம். ஏக்கலவிலிருந்து ரங்கூன் சுமார் 2,100 கிலோமீட்டர். ஒரே துள்ளலில் அங்கே இறங்க, அலை அடிவானத்துக்கு மேலே 11 டிகிரியில் கிளம்ப வேண்டும். சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீட்டர். 6 டிகிரி போதும். இம்பால் சுமார் 2,500. ஜாவா 3,300. எஃப் அடுக்கின் ஒரு துள்ளல் அதிகபட்சம் 4,000 கிலோமீட்டர் வரை எட்டும் என்பதால், மவுண்ட்பேட்டனின் போர்க்களம் முழுவதும் இலங்கையிலிருந்து ஒரே துள்ளலில் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறை தரையில் மோதி மீண்டும் எழும்போதும் அலை வலுவிழக்கும். ஒரு துள்ளலில் முடிந்தால் அந்த நட்டம் இல்லை. தலைமையகம் இலங்கையில் இருந்ததற்குப் படை சார்ந்த காரணங்கள் வேறு. ஒலிபரப்புக்கு அந்தத் தீவு வாய்த்தது ஒரு கொடுப்பினை.

இதே கணக்கில் சென்னையை வைத்துப் பார்த்தால் விஷயம் சுவையாகிறது. 660 கிலோமீட்டர்தான் என்பதால் அலை 40 டிகிரிக்குக் குறையாமல் நிமிர்ந்து கிளம்ப வேண்டும். அது திரும்பும் இடம் பாதை நடுவில்: கோடிக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் இடைப்பட்ட கடலுக்கு மேலே. ஏறி இறங்கும் பாதை மொத்தம் 900 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஆயிரத்தில் மூன்று விநாடி. மாறுநிலை அதிர்வெண் 7 மெகாஹெர்ட்ஸ் என்ற அதே நேரத்தில், இவ்வளவு நிமிர்ந்த அலைக்கு வரம்பு 10 மெகாஹெர்ட்ஸ். ரங்கூனுக்கு 20. சிங்கப்பூருக்கு 22. ஆக, 19 மீட்டர் பட்டையில், அதாவது 15 மெகாஹெர்ட்ஸில், ஏக்கல பேசினால் சிங்கப்பூர் சிப்பாய்க்குக் கணீரென்று கேட்கும். பக்கத்தில் இருக்கும் சென்னைக்கு எட்டாது. தரையலை தேய்ந்துவிட்டது, வானலை இன்னும் இறங்கவில்லை. இந்த இடைவெளிக்குத் தாவு மண்டலம் என்று பெயர். 41 மீட்டருக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், இறக்கினால் சென்னை வெளிச்சத்துக்கு வந்துவிடும். பழைய வால்வு ரேடியோக்களின் கண்ணாடியில் 19, 25, 31, 41 என்று எண்கள் இருந்தனவே, அவை ஊர்களின் தூரத்தையும் நாளின் பொழுதையும் அலையின் மொழியில் எழுதிய எண்கள்.

பகலில் 41 மீட்டருக்கு வேறொரு தொல்லை. கீழே இருக்கும் டி அடுக்கில் காற்று சற்று அடர்த்தி. அலை அசைக்கும் எலக்ட்ரான்கள் பக்கத்து அணுக்களில் மோதி ஆற்றலை வெப்பமாக இழக்கின்றன. அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு வேகமாகக் கூடும். பாதியானால் ஏறத்தாழ நான்கு மடங்கு. மத்திய அலை பகலில் தூரம் போகாததும் இதனால்தான். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கரைந்துவிடும், தூரத்து நிலையங்கள் எல்லாம் உள்ளே வரும். கடலோர மாவட்டத்துக்காரர்கள் மட்டும் கொடுத்துவைத்தவர்கள். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மத்திய அலையின் தரையலை கடல்மேல் அதிகம் தேயாமல் பகலிலும் அவர்களை எட்டும்.

டி அடுக்கின் தீர்வையைக் கட்டிவிட்டுக் கடக்கத்தான் 100 கிலோவாட். 7.5-லிருந்து 100 என்றால் திறன் 13 மடங்குக்கு மேல். ஆனால் கேட்கும் இடத்தில் அலையின் வீச்சு 3.65 மடங்குதான் உயரும். திறனைக் கூட்டுவது செலவு மிக்க வழி. அதனால் பொறியாளர்கள் ஆன்டெனாவையும் நம்பினார்கள். உயரமான கோபுரங்களுக்கு இடையே அரை அலை நீளக் கம்பிகளை வரிசையாகவும் அடுக்காகவும் தொங்கவிட்டால், அவற்றின் அலைகள் ஒரு திசையில் ஒன்றையொன்று வலுப்படுத்தும், மற்றத் திசைகளில் அழித்துக்கொள்ளும். எத்தனை உயரமாக அடுக்குகிறோமோ அத்தனை தாழ்வாகக் கற்றை கிளம்பும். ரங்கூனுக்கான 11 டிகிரியும் சிங்கப்பூருக்கான 6 டிகிரியும் இப்படிக் கிடைப்பவை. இவ்வகை ஆன்டெனா எதுவும் முழுச் சுத்தமாக ஒரே கற்றையை அனுப்புவதில்லை. நிமிர்ந்த கோணங்களிலும் பக்கவாட்டிலும் கொஞ்சம் சிந்தும். 100 கிலோவாட்டில் சிந்துவதே பக்கத்து நாட்டுக்கு ஏராளம்.

இவ்வளவும் தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஏக்கல டிரான்ஸ்மிட்டர் பேசத் தொடங்கியது 1946-ல். வீண் என்று சொல்ல முடியாது. போர் முடிந்தும் வீடு திரும்பாத படைவீரன்தான் அதிகம் ஏங்குகிறான். 1946 ஜனவரியில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் தளங்களில் பிரிட்டிஷ் விமானப்படையினர், எங்களை ஊருக்கு அனுப்புங்கள் என்று வேலைநிறுத்தமே செய்தார்கள். அடுத்த மாதம் பம்பாயில் இந்தியக் கடற்படை வீரர்கள் எழுந்தார்கள். அந்தக் கிளர்ச்சி தொடங்கிய ‘தல்வார்’ ஒரு தகவல் தொடர்புப் பயிற்சித் தளம். செய்தி அனுப்பத் தெரிந்தவர்கள் என்பதால் கிளர்ச்சி அலைவழியே துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. அந்தக் கொந்தளிப்பான ஆண்டில் ரேடியோ சீயாக் பாட்டும் செய்தியும் நகைச்சுவையும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. பின்னாளில் பிபிசியில் புகழ்பெற்ற டேவிட் ஜேக்கப்ஸ் அங்கே அறிவிப்பாளராக இருந்தவர்.

படை வானொலிகளின் உயிர்நாடி, நேயர் கேட்ட பாட்டைப் பெயர் சொல்லிப் போடுவது. எங்கோ ஒரு முகாமில் இருப்பவனின் பெயர் காற்றில் வரும்போது, அவன் மறக்கப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இலங்கை வானொலியில் ஊரும் பெயருமாக நீண்ட பட்டியல் வாசித்துப் பாட்டுப் போட்ட பழக்கத்தில் இந்தப் படை வானொலி மரபின் சாயல் இருக்கிறது என்பது என் கணிப்பு. தன் பெயர் வருமா என்று அஞ்சலட்டை போட்டுக் காத்திருந்த திருவாரூர்க்காரருக்கும் அந்தச் சிப்பாய்க்கும் மனத்தளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

1949-ல் படை விலகியது, கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன, ரேடியோ சிலோன் பிறந்தது. 1950-ல் வர்த்தக சேவை. சிறு தீவு ஒன்றின் உள்நாட்டுத் தேவைக்கு 100 கிலோவாட் சிற்றலை மிகை. ஆனால் வடக்கே திருப்பினால் ஒரு துணைக்கண்டமே சந்தை. பம்பாய் சுமார் 1,500 கிலோமீட்டர், டெல்லி 2,400. பர்மாவுக்கு ஏற்ற அதே தாழ்ந்த கோணக் கணக்குக்குள் இரண்டும் அடங்கும். இந்தியில் பினாகா கீத்மாலா என்ற பாட்டு நிகழ்ச்சி 1952-ல் தொடங்கி அறிவிப்பாளர் அமீன் சயானியை நாடறியச் செய்தது. தமிழில் ரேடியோ சிலோன் நம் வீட்டு வாசலுக்கு வந்தது. அகில இந்திய வானொலி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் ஆகிவிட்டது. படைவீரர் கேட்கும் பாட்டுக்கென ‘ஜெய்மாலா’ என்ற நிகழ்ச்சியையும் அது நடத்தியது. ராணுவத்திடமிருந்து பொதுமக்களுக்கு வந்த வழக்கம் மறுபடி ராணுவத்துக்கே போனது.

இங்கே சூரியனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதன் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. கூடும்போது புற ஊதாக் கதிர் பெருகி எஃப் அடுக்கு அடர்த்தியாகிறது, உயர் அதிர்வெண்களும் திரும்பி வருகின்றன. ரேடியோ சீயாக் தொடங்கிய 1944 தாழ்வு நிலை. 1947 உச்சம். அடுத்த உச்சம் 1957-58: கரும்புள்ளிகளை எண்ணத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அதை மிஞ்சிய உச்சம் இல்லை. ரேடியோ சிலோன் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளும் அவையே. அந்த நாட்களில் மாறுநிலை வரம்பு உயர்ந்து, முன்பு சென்னையைத் தாண்டிப் போன 25 மீட்டர் அலையும் பகலில் இங்கே இறங்கியது. டி அடுக்கின் இழப்பு அந்த அலைக்குக் குறைவு. நிகழ்ச்சியின் தரத்தாலும் அறிவிப்பாளர்களின் தமிழாலும் கிடைத்த புகழை நான் சூரியனுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. அந்தத் தமிழ் நம் காதில் தெளிவாக விழ அது கைகொடுத்தது என்கிறேன்.

நம் வானத்துக்கென்று தனிக் குணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென் தமிழகத்தையும் கேரளத்தையும் ஒட்டிப் போகிறது. காந்தப்புலம் இங்கே தரைக்கு இணையாகக் கிடப்பதால், பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தூக்குகிறது. அவை ஊற்றுப்போல எழுந்து, காந்தக் கோடுகளின் வழியே இருபுறமும் வழிந்து, வடக்கிலும் தெற்கிலும் குவிகின்றன. போர்க்கால அளவீடுகளை வைத்து 1946-ல் இயற்பியலாளர் ஆப்பிள்டன் விவரித்த விந்தை இது. சூரியன் மறைந்த பிறகு எஃப் அடுக்கு சட்டென உயர்ந்து, அதற்குள் அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பும். அவற்றினூடே வரும் அலை விநாடிக்குப் பலமுறை ஏறி இறங்கும். ராத்திரியில் பாட்டு படபடத்தது, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் நடுங்கியது என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ரேடியோ பெட்டியின் கோளாறு என்று தலையில் தட்டியவர்கள் பலர். கோளாறு பெட்டியில் இல்லை. கொடைக்கானல் வான் ஆய்வகம் ஐம்பதுகளிலேயே இந்த அடுக்குகளை அளக்கத் தொடங்கியது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து ஏவிய முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவில் கிளம்பியதற்குக் காரணமும் இந்தக் காந்த நடுக்கோடுதான்.

கொடைக்கானலின் கருவி தன் தலைக்கு மேலே உள்ள வானத்தை அளந்தது. பாக் நீரிணைக்கு மேலே இருந்த வானத்தைத் தினமும் அளந்தவர்கள், தெரியாமலே, நம் நேயர்கள். எத்தனை மணிக்குச் சிலோன் தெளிந்தது, எப்போது படபடத்தது, எந்த மீட்டருக்கு முள்ளை மாற்றினார்கள் என்பதெல்லாம் அயனி மண்டலத்தின் தகவல். அதைச் சேகரிக்க இன்னும் சில ஆண்டுகள்தான் நம்மிடம் இருக்கின்றன.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எழுபதைத் தாண்டியவர் இருந்தால் எந்தப் பாட்டு, எந்த அறிவிப்பாளர் என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, காலையா இரவா, எத்தனையாவது மீட்டர், மொட்டை மாடியில் ஏரியல் கம்பி இருந்ததா, இரவில் குரல் நடுங்கியதா என்றும் கேட்டு எழுதிவையுங்கள். பழைய நாட்குறிப்போ, கேட்டதை உறுதிசெய்து நிலையம் அனுப்பிய கியூஎஸ்எல் அட்டையோ கிடைத்தால் படம் எடுத்து வையுங்கள். கரும்புள்ளி எண்ணிக்கை மாதவாரியாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வரும் பள்ளி மாணவர் ஒருவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டாலே, ஐம்பதுகளின் வானம் தமிழ்நாட்டின் மேல் எப்படி இருந்தது என்று சொல்லத் தொடங்கிவிடலாம்.